செவ்வாய்க்கிழமை லீவு

திருத்தணியில் கிருத்திகைக்குக் கிருத்திகை யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போய்விடும். பக்தர்களுக்கு அல்ல. அவர்கள் காவடியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டே வந்து சேர்வார்கள். உடம்புக்கு வருவதெல்லாம் உள்ளூர்க்காரர்களின் மாமியாருக்கும் சித்தப்பாவுக்கும் ஒன்றுவிட்ட பெரியம்மாவுக்கும்தான். அன்றைக்கு மலையடிவாரத்தில் ஒரு கூடை பூவோ ஒரு சாக்குத் தேங்காயோ ஒரு கிண்ணம் சந்தனமோ வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், வியாபாரம் தானாக நடக்கும். அதனால் மில், கடை, லாட்ஜ் என்று எங்கே வேலை பார்க்கிறவர்களும் சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு லீவு சொல்வார்கள். கேட்கிறவரும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு தலையாட்டுவார். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும். ஊர் அப்படித்தான் ஓடுகிறது.

இந்த விளையாட்டில் சிங்காரத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அடிவாரத்தில் முப்பத்திரண்டு அறை கொண்ட ஒரு லாட்ஜுக்கு அவர் இருபத்தொரு வருஷமாக மேனேஜர். திருவாலங்காட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல்லையும் கரும்பையும் இரண்டு அண்ணன்கள் பார்த்துக்கொண்டதில், கடைக்குட்டியான இவருடைய காலில் சேறு படவேண்டிய அவசியமே வரவில்லை. வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று நோட்டைப் பார்க்காமல் சொல்வார். இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தப்பான சாவியை எடுத்துக் கொடுத்ததில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. யார் எந்தக் கிருத்திகைக்கு எந்த உறவுக்காரரைப் படுக்க வைத்தார்கள் என்பதும் அவருக்கு மனப்பாடம். வாட்ச்மேன் ஜெயப்பிரகாஷின் மாமியார் இரண்டாவது தடவை இறந்தபோது, போன ஆடியிலேயே காரியம் முடிந்ததே என்று மட்டும் கேட்டார். ஜெயப்பிரகாஷ் கண் இமைக்காமல், அது மூத்த மாமியார், இது இளைய மாமியார் என்றான். பதில் சுத்தமாக இருந்ததால் சிங்காரம் லீவு கொடுத்துவிட்டார். தன் காதில் யாரும் பூச் சுற்ற முடியாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. சுற்றினால் கூட அது என்ன பூ என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் குமரவேல் குழப்பிவிட்டான்.

குமரவேல் லாட்ஜில் எட்டு வருஷமாக இருக்கிறான். அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா போனபிறகு, பதினாலு வயதில் திருத்தணியில் இருந்த அக்கா கவிதா வீட்டுக்கு வந்தான். அக்கா புருஷன் பங்காருதான் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பங்காரு நகரிப் பக்கத்துக்காரர், வீட்டில் பாதித் தெலுங்கு. குமரவேல் அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவான். வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். கவுண்டர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, இவன் மச்சான் இல்லை சார், என் பிள்ளை, உங்கள் கையில் ஒப்படைக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு பஜாரில் எங்கே பார்த்தாலும், ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட, மேனேஜர் சார் என்று கையைத் தூக்குவார். ஒரு தடவை பார்த்த முகத்தை மறக்காத மனுஷன் என்று சிங்காரம் வீட்டில் சொன்னதுண்டு.

பையன் வேலையில் நல்ல கெட்டி. பையைத் தூக்குவான், அறையைக் காட்டுவான், குழாய் ஒழுகினால் ஆள் தேடாமல் தானே முடுக்குவான். ஏழரை வருஷம் அவனுடைய உறவுக்காரர் ஒருவருக்கும் கிருத்திகையன்று ஒன்றும் வந்ததில்லை. நாலு மாதத்துக்கு முன்னால்தான், பாவாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை லீவு கேட்டான். கொடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமையும் கேட்டான். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் கேட்டான். முருகனுக்கு உகந்த நாளாகப் பார்த்து வருகிற இந்த நோய் என்ன நோய் என்று சிங்காரத்துக்கு மூக்கு வியர்த்துவிட்டது. செவ்வாயும் கிருத்திகையும்தான் லாட்ஜில் முப்பத்திரண்டு அறையும் நிரம்புகிற நாள். சரி, இவனும் நம் ஊர்க்காரனாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். கூடவே கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

ஒருநாள் கவுண்டர் முன்னால் நிற்கவைத்துக் கேட்டார்.

"பாவாவுக்கு இன்னா ஒடம்புக்கு?"

"கிட்னி சார். ரெண்டும் போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு தபா டயாலிசிஸ்."

"எந்தெந்தக் கெழம?"

"திங்க, வெள்ளி. அக்கா கூட்டினு போவுது."

"அப்ப செவ்வாக்கெழம இன்னாத்துக்கு உனுக்கு லீவு?"

குமரவேல் சாவிப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "செவ்வாக்கெழம நான் கூட இருக்கணும் சார்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"சொன்னா நம்ப மாட்டீங்க சார்."

இருபத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. மற்றவர்கள் எல்லாம் நம்புகிற மாதிரி எதையாவது சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் திங்கள் என்றால் அன்றைக்குத்தானே லீவு கேட்க வேண்டும். பொய் சொல்கிறவன் அந்தக் கிழமையையாவது மாற்றிச் சொல்லியிருக்க மாட்டானா? இவன் என்னவென்றால் தானே வந்து மாட்டிக்கொண்டு, அப்புறம் வாயை மூடிக்கொள்கிறான். பொய்யாக இருக்கவும் வழியில்லை, நிஜமாக இருக்கவும் வழியில்லை. சிங்காரம் இரண்டு நாள் இதைப் போட்டுக் குடைந்தார். மனைவி மனோரமாவைக் கேட்டதற்கு, பையன் ஏதாவது பெண்ணைப் பார்க்கப் போகிறானோ என்னவோ என்றாள். ஜெயப்பிரகாஷ், செவ்வாய் விரதமாக இருக்கும் சார் என்றான். அறை துடைக்கிற துர்காதான், சரவணப் பொய்கை தாண்டிப் படி ஏறுகிற இடத்தில் செருப்பு விடுகிற கடையில் அவனைப் பார்த்ததாகச் சொன்னாள். அது பங்காருவின் கடை. செருப்புப் பார்த்துக்கொள்வதுதான் பதினாறு வருஷமாக அவர் தொழில்.

அதோடு குழப்பம் தீர்ந்தது என்றுதான் சிங்காரம் நினைத்தார். பாவா படுக்கையில் இருக்கிறார், கூட்டம் வருகிற நாளில் மச்சான் கடையைப் பார்க்கிறான். இதைச் சொன்னால் நான் நம்பமாட்டேனா, நன்றாக நம்பியிருப்பேனே என்று கோபம்தான் வந்தது.

லாட்ஜ் ஓனர் சந்திரமோகன் சென்னையில் இருக்கிறார். லாட்ஜில் நாலு கேமரா மாட்டி, அதைத் தன் போனில் பார்த்துக்கொண்டிருப்பவர். செவ்வாய்க்குச் செவ்வாய் பையைத் தூக்க ஆள் இல்லாமல் பக்தர்கள் கவுண்டரில் நிற்பதை அவரே பார்த்துவிட்டார். வரப்போகிற கிருத்திகை செவ்வாய்க்கிழமையிலேயே விழுந்தது. அன்றைக்கும் அவன் வரவில்லை என்றால் மெமோவைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், என்னிடம் ஒரு ஆள் தயாராக இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். சிங்காரம் மெமோவை எழுதினார். தேதிகளை எல்லாம் வரிசையாகப் போட்டார். காரணம் என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. உறவினர் உடல்நிலை என்று போடுவதா, சொந்த வியாபாரம் என்று போடுவதா? அந்த இடத்தைக் காலியாக விட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் குமரவேல் வரவில்லை.

பத்து மணிக்குக் கவுண்டரைத் துர்காவிடம் விட்டுவிட்டுச் சிங்காரம் கிளம்பினார். மலைக்குக் கீழேயே குடியிருந்தாலும், முழங்கால் வலி வந்தபிறகு அவர் அந்தப் பக்கம் போவதே அபூர்வம். மஞ்சள் வேட்டிகளும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுமாகக் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டே கொண்டுபோய் விட்டது. படிக்கு எதிரே அருள்முருகனின் தேங்காய்க் கடை. அதன் ஓரமாக நின்று பார்த்தார்.

பார்த்ததும் முதல் குழப்பம். படுக்கையில் இருக்கவேண்டிய பங்காரு கடையில் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில், மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு. முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது, இடது கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, மற்றபடி ஆள் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். எதிரே நீலத் தார்ப்பாயில் வரிசை வரிசையாகச் செருப்புகள். அவருக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் குமரவேல். வேலை எதுவும் செய்யவில்லை. மடக்கிய குடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் முனையால் தார்ப்பாயில் செருப்பை நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் கடையில் இருக்கிறார். அப்படியென்றால் இவன் இங்கே எதற்கு? லாட்ஜில் அத்தனை வேலை கிடக்க, இங்கே வந்து குடையை வைத்து விளையாடவா லீவு? சிங்காரத்துக்குக் கோபம் வரவேண்டும், வந்தது, ஆனால் எதன்மேல் என்று புரியாததால் நிலையாக நிற்கவில்லை.

பங்காருவின் கடையில் டோக்கன் கிடையாது. அது ஊருக்கே தெரியும். செருப்பை வாங்கும்போது முகத்தை ஒரு தடவை பார்ப்பார். அவர்கள் மேலே போய்க் கும்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் கழித்து மொட்டையடித்து அடையாளமே மாறி வந்தாலும், அவரவர் செருப்பை எடுத்து முன்னால் போடுவார். இதைப் பார்ப்பதற்கென்றே மற்ற கடைகளைத் தாண்டி இங்கே வருகிறவர்கள் உண்டு. இப்போதும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் வந்து நிற்பார், பங்காரு நிமிர்ந்து பார்ப்பார், குமரவேலின் குடை முனை ஒரு ஜோடியை ஒரு விரற்கடை முன்னால் தள்ளும், பங்காருவின் கை போய் அதை எடுக்கும். அடுத்தவர் வருவார், பங்காரு பார்ப்பார், குடை தள்ளும், கை எடுக்கும். சிங்காரம் கால் மணி நேரம் இதைப் பார்த்தார். கண்ணில் பட்டதே தவிர மண்டையில் ஏறவில்லை.

பதினோரு மணிவாக்கில் குமரவேல் எழுந்து, இட்லி வாங்கவோ எதற்கோ, கூட்டத்துக்குள் போனான். இதுதான் சமயம் என்று சிங்காரம் நேரே நாற்காலி முன்னால் போய் நின்றார். மேனேஜர் சார் என்று பங்காரு கையைத் தூக்குவார், அதை வைத்தே பேச்சை ஆரம்பித்து, ஏன்யா உனக்கு ஒன்றும் இல்லையே, மச்சானை எதற்குப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிடலாம் என்பது கணக்கு.

பங்காரு நிமிர்ந்து பார்த்தார். "உடு நைனா, இங்க உடு. டோக்கன் கெடையாது. மொகந்தான் டோக்கன்."

சிங்காரம் முகம் நன்றாகத் தெரியும்படி குனிந்தார். பிறகு, "என்னைத் தெரிலயா?" என்று கேட்டார்.

"தெரியாம இன்னா. பாத்துக்கினேன் நைனா. நிம்மதியா போய்ட்டு வா."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். சிங்காரம் தன் பழுப்புத் தோல் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் படி ஏறினார். நாற்பது படிக்கு மேல் முழங்கால் விடவில்லை. ஓரமாக உட்கார்ந்தார்.

நடிக்கிறாரா? மச்சானைப் பிடிக்க ஆள் வருகிறான் என்று தெரிந்து, தெரியாதவர் மாதிரி இருக்கிறாரா? நடிக்கிறவர் இருமியிருக்கலாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆளைத் தெரியாத மாதிரி நடித்தால் யாருக்கு என்ன லாபம்? எட்டு வருஷமாக ரோட்டைத் தாண்டிக் கும்பிட்ட மனுஷன். தன் முகம்தான் மாறிவிட்டதோ என்று சிங்காரம் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கீழேயிருந்து காவடிகள் ஏறிக்கொண்டே இருந்தன. அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சட்டைப் பையில் மெமோ வேறு நெருடிக்கொண்டிருந்தது.

இறங்கி வந்தபோது பின்னால் மரப்பெட்டி இன்னும் காலியாகத்தான் இருந்தது. பங்காரு அவரைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் ஒரு நொடி பயந்தது. வலது கை வரிசையின் மேல் போய் நின்றது. அங்கேயே நின்று எதற்கோ காத்திருந்தது. ஒன்றும் நகரவில்லை. பிறகு அந்தக் கை தானாக ஒரு ஜோடியை எடுத்து அவர் முன்னால் போட்டது. கறுப்பு ரப்பர், மஞ்சள் வார், ஏதோ பள்ளிக்கூடப் பையனுடையது.

"இந்தா நைனா."

அதே நேரத்தில் இட்லிப் பொட்டலத்தோடு குமரவேல் வந்து நின்றான். மேனேஜரைப் பார்த்தான். பிறகு அவர் காலடியில் கிடந்த செருப்பைப் பார்த்தான். அப்புறம் அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வேலை போகப்போகிறவனின் பயம் எப்படி இருக்கும் என்று சிங்காரத்துக்குத் தெரியும். இது அது இல்லை. அவன் தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இருபத்தொரு வருஷத்தில் ஒரு தப்பான சாவியைத் தராதவர், தப்பான ஒன்றை வாங்கவும் மாட்டார். இது என்னுடையது இல்லையே என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஆங்," என்றார் சிங்காரம். "இதான்."

மாட்டிக்கொண்டார். குதிகால் இரண்டு விரல் அளவு வெளியே நின்றது. அதோடே நடந்து தேங்காய்க் கடைக்குப் பின்னால் போன பிறகுதான், யாரோ ஒரு பையன் மொட்டைத் தலையோடு இறங்கி வந்து இந்தச் செருப்பைத் தேடுவான் என்பது உறைத்தது. திருப்பிக் கொடுத்தால் பங்காருவுக்குத் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் ஒரு சின்னப் பிள்ளை செருப்பைத் திருடியதாகிவிடும். ஐம்பத்தாறு வயதில் நடுத்தெருவில் இப்படி நிற்க நேர்ந்ததை நினைத்து அவருக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. குமரவேல் ஓடிவந்தான்.

"எப்பலேந்துடா?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு நாலு மாசமா சார். டயாலிசிஸ் பண்ண மறுநாளு கொஞ்சம் தெளிவா இருப்பாரு. அதான் செவ்வாக்கெழம மட்டும் ஒக்காரட்டும்னு உட்டோம். ஆனா மொகம் நிக்க மாட்டேங்குது சார். நான் பின்னால ஒக்காந்துகினு எல்லார் மொகத்தையும் பாத்து வெச்சிக்கறேன். குடையால தள்றேன். அது அவருக்குத் தெரியாது. கை தானா போவுதுனு நெனச்சிகினு கீறாரு."

"ஒரு டோக்கன் போட்டுட்டா இன்னாடா?"

"டோக்கன எடுத்துனு போய் அவர் கைல குடுத்தா, அன்னைக்கே புரிஞ்சிடும் சார் அவருக்கு. அப்பறம் ஊட்ல படுத்தார்னா எழுந்திரிக்க மாட்டாரு."

தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று சிங்காரம் கேட்டார். குமரவேல் தரையைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் நல்ல மனசோடுதான் சார் கேட்பீர்கள், ரோட்டில் பார்த்தால் பங்காரு, இப்போது ஞாபகம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுவீர்கள் என்றான். சிங்காரம் யோசித்துப் பார்த்தார். கேட்டிருப்பார்தான்.

வேலையை விட்டு எடுப்பதென்றால் எடுத்துவிடுங்கள் சார், ஆனால் செவ்வாய்க்கிழமை மட்டும் வரச் சொல்லாதீர்கள் என்றான் அவன். சிங்காரம் அந்தச் சின்னச் செருப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்து, பையன் வருவதற்குள் வரிசையில் வை, என்னுடையதைச் சாயங்காலம் எடுத்துக்கொண்டு வா என்று சொன்னார். மெமோவை எடுக்கவுமில்லை, எடுக்க மாட்டேன் என்று சொல்லவுமில்லை. எதுவும் தெளிவாகாமலே, வெயிலில் கொதிக்கிற ரோட்டில், நிழல் பார்த்துத் தாவித் தாவி லாட்ஜுக்கு வந்து சேர்ந்தார்.

வந்து உட்காருவதற்குள் போன் அடித்தது. சந்திரமோகன். கேமராவில் உங்களைக் காணோமே என்றார், காலில் செருப்பு இல்லாமல் நடக்கிறீர்களே என்றார், கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அவன் வந்தானா, இல்லியா?"

சிங்காரம் மெமோவைப் பிரித்துக் கவுண்டரில் வைத்திருந்தார். காரணம் என்ற இடம் காலியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறான் என்று எழுதினால் அந்த நோயாளி கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார். வியாபாரம் என்று எழுதினால் அவன் கையில் குடையைத் தவிர ஒன்றும் இல்லை. இது லீவில் சேருமா, எதில் சேரும்? இன்றைக்குக் கேட்டாலும் சிங்காரத்துக்குச் சொல்லத் தெரியாது.

"செவ்வாக்கெழம அவனுக்கு வார லீவு சார்," என்றார்.

"எப்பலேந்து?"

"இன்னைலேந்து."

செவ்வாய்க்கிழமை யாருக்கும் வார லீவு கிடையாது என்பது லாட்ஜ் சட்டம், அதைப் போட்டவரே சிங்காரம்தான் என்று ஓனர் ஞாபகப்படுத்தினார். மூட்டையை யார் தூக்குவார்கள் என்று கேட்டார். நான் தூக்குகிறேன் சார் என்றார் சிங்காரம். இந்த வயதிலா என்று கேட்டார் ஓனர். பிறகு, ஒரு மாதம் பார்க்கிறேன், ஒரு கஸ்டமர் குறை சொன்னாலும் அவனோடு சேர்ந்து நீங்களும் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்றைக்கு முழுக்க வெறுங்காலோடு சிங்காரம் பை தூக்கினார். ஒரு குடும்பம் மூன்றாவது மாடி, அதில் ஒரு பாட்டிக்கு வெந்நீர். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை சொன்னது. ஜெயப்பிரகாஷ் ஓடிவந்து ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டான். இந்த முடிவை எடுத்தது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. ஒருவேளை தன் காதில்தான் எல்லாருமாகச் சேர்ந்து பூச் சுற்றிவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்தக் கை வரிசைமேல் நின்று காத்திருந்ததை யாராலும் நடிக்க முடியாது.

ஆறரை மணிக்குக் குமரவேலிடமிருந்து போன் வந்தது. கூட்டம் கலைந்துவிட்டதாம். ஒரு ஜோடி மீந்துபோய்விட்டதாம்.

"உங்களுதுதான் சார். ஆளு வராம எழுந்திரிக்க மாட்டேன்னு பாவா ஒக்காந்துகினு கீறாரு. பதினாறு வருசத்துல ஒருத்தர் செருப்பக்கூட உட்டுட்டு ஊட்டுக்குப் போனதில்லயாம். நான் எடுத்தாந்தன்னா திருடினு வந்தா மாரி ஆயிடும். சாப்பிடவும் இல்ல சார்."

சிங்காரம் துர்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அடிவாரத்தில் விளக்குகள் போட்டிருந்தார்கள். தார்ப்பாய் காலியாகக் கிடந்தது. அதன் நடுவில் அவருடைய பழுப்புச் செருப்பு மட்டும். பங்காரு நாற்காலியில் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, படியில் இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் குமரவேல். சிங்காரம் சுற்றிப் போய், படிப் பக்கமிருந்து இறங்கி வருகிறவர் மாதிரி வந்து நின்றார். வெறுங்கால் முழுக்கப் புழுதி. காலையில் ஒரு தடவை செருப்பு வாங்கிக்கொண்டு போனது ஞாபகம் இருக்குமோ என்று யோசித்தார். ஞாபகம் இருந்துவிடுமோ என்று பயந்தாரா, இருந்துவிடாதா என்று ஏங்கினாரா, அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

பங்காரு அவரை வெகு நேரம் பார்த்தார். குமரவேல் குடையைத் தரையில் வைத்துவிட்டிருந்தான். ஒன்றும் நகரவில்லை. பங்காருவின் கை நேரே போய் அந்தச் செருப்பை எடுத்து, துண்டால் தூசி தட்டி, முன்னால் போட்டது.

"காலைல வந்த மொகம்," என்றார். குரலில் அத்தனை நிம்மதி. "ஞாபகம் கீதே. எங்க போயிடும். இத்தினி நேரமா நைனா மேல?"

"ஆங். ஒரு வேண்டுதல்."

"இன்னா வேண்டுதல்?"

சிங்காரம் வாயைத் திறந்தார். அவருக்கு வேறொன்றும் வரவில்லை. இருபத்தொரு வருஷமாகக் கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கேட்டு, ஒரு தடவைகூட நம்பாத அந்த வாக்கியம்தான் வந்தது.

"சொந்தக்காரர் ஒருத்தருக்கு ஒடம்பு சரியில்ல."

பங்காரு அதை அப்படியே நம்பினார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மலையைப் பார்த்து ஒரு தடவை கும்பிட்டார்.

"செரியாப் பூடும் நைனா," என்றார். "அடுத்த செவ்வாக்கெழமயும் வா. செருப்ப எங்கிட்டயே உடு."